சூப்பில் சோறு போட்டால் என்ன குறைச்சல்?

கொரிய நாடகம் பார்க்காத வீடு இப்ப அம்பிட்டியவிலும் குறைவு. அதில் கதாநாயகன் அடிவாங்கி வந்தாலும், காதலில் தோற்று வந்தாலும், கறுப்புச் சட்டியில் ஆவி பறக்க ஏதோ சாப்பிடுவான். பல நேரம் அது குக்பாப். 'குக்' என்றால் சூப், 'பாப்' என்றால் சோறு. பெயரே அவ்வளவுதான். நம்ம வீட்டு ரசஞ்சோறுக்குச் சொந்தக்காரன்.

ஆனா ரசஞ்சோறு சாப்பிட்டோம் என்று வெளியில சொல்ல மாட்டோம். யாராவது கேட்டா ரைஸ் அண்ட் கறி என்போம். கண்டி டவுனில் கொரிய நூடுல்ஸ் பக்கெட்டைப் படம் எடுத்துப் போடுகிற அதே கை, அம்மா கட்டித்தந்த சாப்பாட்டை மூடியால மறைக்குது.

குக்பாப் ஒன்றும் அரண்மனைச் சாப்பாடு இல்லை. சந்தைக்கு வந்த சனம் அவசரத்தில் சாப்பிட்டது. பூசான் நகரத்துப் பன்றிக் குக்பாப்பை 1950–53 போரில் ஓடிவந்த அகதிகளோடு சேர்த்தே பேசுகிறார்கள்: எலும்பை மணிக்கணக்காகக் கொதிக்கவிட்ட சாறு, அதுக்குள்ள சோறு. பழைய கடைகளில் ஆறின சோற்றின் மேல் கொதிசாறை ஊற்றி, வடித்து, திரும்பத் திரும்ப ஊற்றிச் சூடாக்குவாங்க. அதுக்கு 'தோர்யொம்' என்று பேர். சோற்றைச் சூடாகவே வைத்திருக்கும் மின்சாரக் குக்கர் வராத காலத்து வேலை அது. நம்ம அப்பாயிமாருக்கும் இந்தப் புத்தி உண்டு, பேர்தான் வைக்கல. கொரியாக்காரர்கள் பேர் வைத்தார்கள், ஊர்ப் பேரையும் சேர்த்தார்கள், இன்னைக்கும் அதுக்காக வரிசையில் நிற்கிறார்கள்.

இது எங்களுக்கு வெறும் டிவி விசயமும் இல்லை. 2004இல் கொரியா தொடங்கிய வேலை அனுமதித் திட்டத்தில் இலங்கைப் பொடியன்கள் தொழிற்சாலைக்கும் பண்ணைக்கும் மீன்பிடிக்கும் போய்க்கொண்டே இருக்கிறார்கள். அந்த மொழிப் பரீட்சைக்குப் படிக்கிற எங்கட கூட்டாளிகள் முதல்ல பாடமாக்குற வசனங்களில் ஒன்று 'பாப் மொகொஸ்ஸொயோ?' சாப்பிட்டாச்சா என்று கேட்டு நலம் விசாரிக்கிறது. லயத்தில் எதிர்வீட்டு அக்கா கேக்குறதும் அதையேதான். அங்கே போய் அந்தச் சட்டியை இருகையால வாங்கப்போறவன், இங்கே ரசஞ்சோறுக்கு வெக்கப்படுவது எங்களுக்கு விளங்கல.

போறவங்களுக்கு ஒன்று: பன்றியும் மாடும் சாப்பிடாதவர்கள் ஜொன்ஜு ஊர்ப் பக்கத்து சோயா முளைக் குக்பாப்பைக் கேளுங்க. அதிலும் பெரும்பாலும் நெத்தலிச் சாறு இருக்கும், சைவக்காரர்கள் கவனம்.