கணக்கைக் காட்டுங்க சார்!

குன்னூர் வழியா ஊட்டி போன எல்லாருக்கும் பர்லியார் தெரியும். கல்லாறு தாண்டி நாலைந்து வளைவு ஏறியதும் காற்று மாறும், டீக்கடை வரும், மங்குஸ்தானும் பலாவும் அடுக்கி வைத்த பழக்கடைகள் வரும். அசந்தால் கையில் இருப்பதைப் பிடுங்கிக்கொண்டு ஓடக் குரங்குகளும் வரும். பக்கத்திலேயே அரசு தோட்டக்கலைப் பண்ணை. நின்று போகும் வண்டிகளை நம்பித்தான் அந்த ஊர்க் கடைகள் ஓடுகின்றன.

அந்த வண்டிகளுக்கு இப்போது கணக்கு உண்டு. 2024 மே மாதம் சென்னை உயர்நீதிமன்ற உத்தரவால் இ-பாஸ் வந்தது. அடுத்த வருடம் எண்ணிக்கையும் வந்தது: ஏப்ரல் முதல் ஜூன் வரை நீலகிரிக்குள் வார நாட்களில் 6,000 சுற்றுலா வண்டி, வார இறுதியில் 8,000. அரசு பஸ்ஸுக்கும் உள்ளூர் வண்டிகளுக்கும் விலக்கு. மலை எத்தனை வண்டியைத் தாங்கும் என்று ஆராயும் வேலை சென்னை ஐஐடிக்கும் பெங்களூரு ஐஐஎம்முக்கும் போனது. வியாபாரிகள் கடையடைத்துப் பார்த்தார்கள், நீதிமன்றம் அசையவில்லை.

கட்டுப்பாடு வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. மே மாத ஞாயிற்றுக்கிழமை அந்த மலைப்பாதையில் மாட்டியவர்கள் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். என் கேள்வி வேற. பேராசிரியர்கள் உட்கார்ந்து கணக்குப் போடுகிறார்கள். அதிலிருந்து ஒரு எண் வருகிறது. அந்த எண் ஒரு ஊரின் பிழைப்பைத் தொடுகிறது. அது எப்படி வந்தது என்று பர்லியார் பழக்கடை அக்கா கேட்டால், பதில் அவங்களுக்குப் புரிகிற மாதிரி எங்கேயாவது எழுதியிருக்குமா?

இதே நீலகிரியில் இதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. பர்லியாருக்குப் பக்கத்து மலைப்பாதையில் இருக்கும் கோத்தகிரியில் 2010 பிப்ரவரியில் மேற்குத்தொடர்ச்சி மலை ஆர்வலர்கள் கூடினார்கள். அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் வந்திருந்தார். அந்தப் பேச்சின் தொடர்ச்சியாக அடுத்த மாதமே ஒரு நிபுணர் குழு அமைக்கப்பட்டது. தலைவர் மாதவ் காட்கில், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பல வருடம் பேராசிரியராக இருந்தவர். அதிரப்பள்ளி, குண்டியா என்ற இரண்டு நீர்மின் திட்டங்கள் பற்றியும் குழுவிடம் கருத்துக் கேட்டார்கள். இரண்டுக்குமே அனுமதி தரக்கூடாது என்றது குழு. 2011 ஆகஸ்டில் அறிக்கை அமைச்சகத்தின் கைக்குப் போனது. போன அறிக்கை வெளியே வரவே இல்லை! தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு, தகவல் ஆணையம் வரை போய், டெல்லி உயர்நீதிமன்றம் வரை போய், 2012 மே மாதம்தான் மக்கள் கண்ணில் பட்டது. அதற்குள் ஆறு மாநிலங்களிலும் ஆளாளுக்கு வதந்தி. வீட்டை இடிப்பாங்களாம், விவசாயத்தைத் தடுப்பாங்களாம் என்று. படிக்கக் கிடைக்காத அறிக்கையைப் பற்றி யார் என்ன சொன்னாலும் நம்ப ஆள் இருக்கும்தானே.

அதற்கு முப்பது வருடம் முன்னாடி, நீலகிரிப் பீடபூமியின் தென்மேற்குச் சரிவில், நேர்மாறாக ஒன்று நடந்தது. அமைதிப் பள்ளத்தாக்கு. குந்திப்புழா ஆற்றில் அணை கட்டி 120 மெகாவாட் எடுக்கக் கேரள மின்வாரியம் திட்டம் போட்டிருந்தது. சிங்கவால் குரங்கைக் காப்பாற்றிய போராட்டம் என்றுதான் நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். குரங்கு பாவம், எல்லாப் பெருமையும் அதன் தலையில். 1979-ல் கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் ஒரு சின்னப் புத்தகம் போட்டது. எழுதியவர்களில் எம்.கே. பிரசாத் தாவரவியல் பேராசிரியர். வி.கே. தாமோதரன் மின்பொறியியல் பேராசிரியர், நம்ம டிபார்ட்மெண்ட் ஆள்! கூடவே பொருளாதாரம் தெரிந்தவரும் வேளாண்மை தெரிந்தவரும். இவர்களை எந்த அரசாங்கமும் குழுவில் போடவில்லை. மலபாருக்குக் கரண்ட் வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை. மலபாருக்கு எவ்வளவு வேண்டும், அதை வேறு வழியில் எப்படித் தரலாம் என்று மின்வாரியத்தின் களத்திலேயே இறங்கிக் கணக்குப் போட்டார்கள். காடு அழகு என்று மட்டும் எழுதியிருந்தால் கவிதை என்று ஒதுக்கியிருப்பார்கள். யூனிட்டையும் ரூபாயையும் வைத்துப் பேசியவர்களை அப்படி ஒதுக்க முடியவில்லை. பிறகு எம்.ஜி.கே. மேனன் தலைமையில் மத்திய அரசின் குழு வந்தது, திட்டம் கைவிடப்பட்டது, 1984-ல் அது தேசியப் பூங்கா ஆனது.

இந்த வரிசையில் எனக்கு ரொம்பப் பிடித்தவர் அமுல்யா ரெட்டி. நம்ம சிலபஸில் இவர் பெயர் கிடையாது, அது ஏன் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. இந்திய அறிவியல் கழகத்தில் மின்வேதியியல் பேராசிரியர். 1974-ல் அங்கேயே 'அஸ்த்ரா' என்ற அமைப்பைத் தொடங்கி, ஆய்வகத்தை விட்டுக் கிராமத்துக்குப் போனார். விறகைக் குறைக்கும் அஸ்த்ரா ஒலே அடுப்பு அங்கிருந்து வந்ததுதான். தும்கூர் மாவட்டத்தில் புரா என்ற ஊரில் சாண எரிவாயுக் கலன் கட்டினார்கள். சமையலுக்கு என்று போட்ட திட்டம், சாணம் போதாமல் படுத்துவிட்டது. ஊர்க்காரர்களுக்கு அதைவிட அவசரமாகத் தேவைப்பட்டது குடிதண்ணீர். அதே வாயுவில் இன்ஜினை ஓட்டித் தண்ணீர் இறைத்தார்கள், வீடுகளுக்கு விளக்குப் போட்டார்கள். முதலில் மக்களைக் கேட்டிருந்தால் முதலிலேயே தெரிந்திருக்கும்.

1987-ல் கர்நாடக அரசின் குழு ஒன்று, 2000-ஆம் வருடத்துக்குள் மாநிலத்துக்கு எவ்வளவு மின்சாரம் வேண்டும் என்று ஒரு நீண்டகாலத் திட்டம் கொடுத்தது. நாம் ஃபோர்காஸ்டிங் பேப்பரில் செய்வதுதான்: பழைய வளர்ச்சி விகிதத்தை எடு, கோட்டை நீட்டு, அந்தக் கோட்டுக்குக் கீழே மின் நிலையங்களை நிரப்பு. ரெட்டியும் அவருடைய குழுவினரும் கணக்கைத் தலைகீழாகத் திருப்பினார்கள். கரண்ட் யாருக்கும் வேண்டாம், வெளிச்சம் வேண்டும், வெந்நீர் வேண்டும், வயலுக்குத் தண்ணீர் வேண்டும். ஒவ்வொன்றையும் எவ்வளவு குறைவான யூனிட்டில் தரலாம்? குண்டு பல்புக்குப் பதில் சிஎஃப்எல். கீசருக்குப் பதில் சூரிய வெந்நீர். பம்ப்செட்டின் ஃபுட்வால்வைச் சரிசெய்தாலே மிச்சமாகும் மின்சாரம். மின்சாரமே இல்லாத வீடுகளுக்கெல்லாம் இணைப்புக் கொடுப்பதையும் சேர்த்துக்கொண்டு கூட்டிப் பார்த்தால், அரசுக் குழு சொன்ன அளவில் பாதிகூட வரவில்லை. 'டிஃபெண்டஸ்' என்று பெயர் வைத்து 1991-ல் இதழில் வெளியிட்டார்கள், யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம் என்று. அரசு அதை அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. ஆனாலும் இவ்வளவு வேண்டும் என்று சொல்பவர்களிடம், எதுக்கு என்று திருப்பிக் கேட்க ஒரு முறையைக் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்த 'எதுக்கு'வை பர்லியார் மலைப்பாதைக்குப் போட்டுப் பார்ப்போம். மேட்டுப்பாளையத்துக்கும் குன்னூருக்கும் உயர வித்தியாசம் ஏறக்குறைய 1,500 மீட்டர். ஆட்களோடு 1,500 கிலோ எடையுள்ள காரை அவ்வளவு உயரம் தூக்க, முதல் வருட இயற்பியல்படி, 6 யூனிட் ஆற்றல் வேண்டும். பெட்ரோல் இன்ஜின் நாலில் ஒரு பங்கைத்தான் சக்கரத்துக்குத் தரும், ஆக 24 யூனிட். லிட்டருக்கு 9 யூனிட் என்றால் இரண்டரை லிட்டருக்கு மேல், தூக்குவதற்கு மட்டும். உராய்வு தனி, டிராஃபிக்கில் நிற்பது தனி. இறங்கும்போது அந்த 6 யூனிட்டையும் பிரேக்கிலும் இன்ஜினிலும் சூடாக்கித் தொலைக்கிறோம். மின்சார வண்டி என்றால் அதில் ஒரு நல்ல பங்கு பேட்டரிக்குத் திரும்பும். இப்போது பஸ்: 50 பேரோடு 12 டன் என்று வைத்தால் தூக்க 49 யூனிட், தலைக்கு ஒன்று. காரில் நாலு பேர் போனால் தலைக்கு ஒன்றரை, ரெண்டு பேர் போனால் கிட்டத்தட்ட மூன்று.

இந்தக் கணக்கில் வண்டி என்பது அலகே இல்லை, ஆள்தான் அலகு. 8,000 வண்டி என்று வரம்பு போட்டால், ரெண்டு பேர் வரும் காரும் எட்டுப் பேர் வரும் வேனும் ஒன்றாகிவிடும். மேட்டுப்பாளையத்தில் காரை நிறுத்தவைத்து, அடிக்கடி பஸ் விட்டு, அந்த பஸ்ஸைப் பர்லியாரில் பதினைந்து நிமிஷம் நிறுத்தினால் மலையும் பிழைக்கும், பழக்கடையும் பிழைக்கும் என்பது என் கட்சி. ஐஐடி அறிக்கை இதற்கு நேர் எதிராகச் சொல்லலாம். சொல்லட்டும், ஆனால் எந்த எடை, எந்தத் திறன், எந்த நாள் எண்ணிக்கை என்று எல்லாம் போட்டு, தமிழிலும் சொல்லட்டும்.

மலை மேலே இதைவிடப் பெரிய கணக்கு ஒன்று காத்திருக்கிறது. குந்தாவில் 500 மெகாவாட் நீரேற்று மின்திட்டம். அடுத்து சில்லஹல்லாவில் 1,000 மெகாவாட் என்று திட்டம், அதைச் சுற்றுவட்டாரக் கிராமங்கள் எதிர்க்கின்றன. நீரேற்று நிலையம் மின்சாரத்தை உற்பத்தி செய்வதில்லை, சேமிக்கிறது. 100 யூனிட் செலவழித்துத் தண்ணீரை மேலே ஏற்றினால் 75, 80 யூனிட் திரும்பி வரும். காற்றாலையும் சோலாரும் இவ்வளவு வைத்திருக்கும் தமிழ்நாட்டுக்குச் சேமிப்பு தேவைதான், மறுக்கவில்லை. எவ்வளவு சேமிப்பு, எந்த மணி நேரத்துக்கு, பேட்டரியோடு ஒப்பிட்டால் என்ன விலை, ஏற்கெனவே இருக்கும் காடம்பாறை 400 மெகாவாட் வருடத்தில் எத்தனை நாள் ஓடுகிறது? இதை நம்ம கல்லூரிகளில் யார் உட்கார்ந்து போட்டுப் பார்த்தார்கள்? நம்ம ஃபைனல் இயர் பிராஜெக்ட் பட்டியலை எடுத்துப் பாருங்க. சோலார் டிராக்கர், சோலார் டிராக்கர், மறுபடியும் சோலார் டிராக்கர்.

கதவு ஒன்று திறந்தே இருக்கிறது. 2003 மின்சாரச் சட்டப்படி, கட்டணத்தை மாற்றுவதற்கு முன் மின்வாரியத்தின் மனுவை வெளியிட்டு மக்கள் கருத்தைக் கேட்டாக வேண்டும். 2022-ல் கோவையிலும் மதுரையிலும் சென்னையிலும் ஒழுங்குமுறை ஆணையம் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தியது. விசைத்தறிக்காரர்களும் சிறுதொழில்காரர்களும் வந்து பேசினார்கள். கோவையைச் சுற்றி இத்தனை இன்ஜினியரிங் கல்லூரி இருக்கே, அடுத்த கூட்டத்துக்கு ஒரு வகுப்பாவது போகலாம். அட்டெண்டன்ஸ் கொடுக்கச் சொல்லி எச்ஓடியிடம் நாம் பேசிக்கொள்ளலாம்.

மேலே போட்ட பஸ் கணக்கில் உராய்வையும் காலி இருக்கையையும் நான் சேர்க்கவில்லை. சேர்த்துப் போட்டு அனுப்புங்க. என் முடிவு மாறினாலும் அடுத்த இதழில் போடுகிறோம்.