ஈகையன்று, ஏழைக் குழவியின் உரிமை!

திருச்சிராப்பள்ளிக்குக் கிழக்கே, திருவெறும்பூரைச் சார்ந்தது பாப்பாக்குறிச்சி. 1982-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் முதல் நாள், அன்றைய முதலமைச்சர் ம.கோ. இராமச்சந்திரன் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தது அவ்வூரில்தான். சிற்றூர்களில் இரண்டு அகவை நிறைந்த மழலையர் முதல் தொடக்கப்பள்ளி மாணவர் ஈறாக, நண்பகலில் சூடான சோறு பெறும் வழி அன்று திறந்தது. அவ்வாண்டு செபுத்தம்பரிலேயே அது நகரங்களுக்குப் பரவியது. 1984-இல் பதினைந்து அகவை வரையிலான மாணவரையும் எட்டியது. கருவூலத்தைக் கரைக்கும் வீண்செலவு என்று அதனை அன்று பழித்தோர் உளர். பழித்தோர் வாய் ஓய்ந்தது, உலை ஓயவில்லை.

இதன் வேர் இன்னும் ஆழமானது. 1920-இல் நயன்மைக் கட்சியின் தலைவர் பிட்டி தியாகராயர், சென்னை மாநகராட்சியின் ஆயிரம் விளக்குப் பள்ளியில் ஏழை மாணவர்க்கு நண்பகல் உணவு வழங்கச் செய்தார். வெள்ளையர் ஆட்சி 1925-இல் அச்செலவுக்குத் தடையிட்டது. 1956-இல் எட்டயபுரத்தில் காமராசர் அதே அடுப்பை மீண்டும் மூட்டினார். எனவே, பசித்த பிள்ளைக்குச் சோறிடும் ஆட்சிமுறை வடக்கிலிருந்து வந்த அருட்கொடை அன்று. தமிழ் மண்ணில் தோன்றி, தமிழரின் வரிப்பணத்தில் வளர்ந்த ஆட்சிமுறை அது.

ஆறு அகவைக்குட்பட்ட குழவிகளுக்கென நடுவண் அரசு தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்தோபர் இரண்டாம் நாள் பிறந்தது. ஊட்ட உணவு, தடுப்பூசி, உடல்நல ஆய்வு, மருத்துவமனைக்கு அனுப்புதல், தாய்மார்க்கு ஊட்ட அறிவு, பள்ளிக்கு முந்தைய கல்வி என ஆறு பணிகள் அதன்கண் அடங்கும். ஊட்ட உணவுச் செலவில் பாதியை நடுவண் அரசும் பாதியைத் தமிழக அரசும் ஏற்கின்றன. 2017-இல் நடுவண் அரசு வரையறுத்த கணக்கின்படி, குழந்தை ஒன்றுக்கு நாளொன்றுக்கு எட்டு உருபா. மிக மெலிந்த குழந்தைக்குப் பன்னிரண்டு உருபா. எட்டு உருபாவுக்கு நகரத்துத் தேநீர்க் கடையில் ஒரு குவளைத் தேநீரும் வாங்க இயலாது! தமிழகத்துக் குழந்தைகள் நடுவங்களில் இரண்டு அகவை கடந்த பிள்ளைகளின் தட்டில் முட்டையும் விழுகின்றதென்றால், அது இந்த எட்டு உருபாக் கணக்கைத் தாண்டி இம்மாநிலம் வளர்த்த முறையின் பயன்.

2013-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் இவ்வுணவைச் சட்டவழி உரிமையாக்கியது. ஆறு திங்கள் முதல் ஆறு அகவை வரையுள்ள எந்தக் குழந்தைக்கும் உரிய உணவை விலையின்றித் தருதல் அரசின் கடன். தரத் தவறினால் ஈட்டுத்தொகை கேட்கவும் அச்சட்டம் இடந்தருகின்றது. திருவரங்கத்துக் கோயிலில் 2012 முதல் நாள் முழுதும் வருவோர்க்குச் சோறிடுகின்றனர். அது கொடை. இட்டால் உண்ணலாம்; இடாவிடில் திரும்பலாம். குழந்தைகள் நடுவத்துச் சோறு அத்தகையதன்று. இடாவிடில் ஏன் இடவில்லை என்று வினவும் உரிமை ஒவ்வொரு தாய்க்கும் உண்டு. கொடைக்கும் உரிமைக்கும் உள்ள இவ்வேறுபாட்டை எத்தனை தாய்மார் அறிவர்?

அதே திருவரங்கத்தில், விடியுமுன் சாத்தார வீதிப் பூச்சந்தைக்குச் சென்று பூ வாங்கி, தெருவோரத்தில் அமர்ந்து கட்டி விற்கும் பெண்ணை எண்ணிப் பார்க்க. ஆற்றுக்கு இப்பால் காந்தி சந்தையில் காய்கறி விற்பவளும், கட்டட வேலையில் கல் சுமப்பவளும் அவளை ஒத்தவர்களே. அவர்தம் குழந்தைக்கு ஓர் அகவைதான் ஆகின்றது எனின், ஊட்டமாவு வீட்டுக்கு வரும். ஆனால், குழந்தையைப் பார்த்துக்கொள்ளக் கை வாராது. இரண்டு அகவை நிறைந்த பிள்ளையை நடுவம் ஏற்கும். எனினும், தாயின் வேலை முடியுமுன் நடுவத்தின் கதவு மூடும். பின் என் செய்வது? மூத்த மகளின் பள்ளிப் பையைச் சுவரில் மாட்டிவிட்டு, இளையதை அவள் இடுப்பில் ஏற்றுவது ஒன்றே வழி. ஒரு குழந்தையைக் காக்க மற்றொரு குழந்தையின் படிப்பு பலியாகின்றது!

சட்டங்கள் இல்லாமலில்லை. முப்பது பெண்களுக்கு மேல் உழைக்கும் ஆலையில் குழந்தைக் காப்பறை வேண்டும் என்றது 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம். ஐம்பது பணியாளர் உள்ள நிறுவனத்திலும் வேண்டும் என்றது மகப்பேற்று நலச் சட்டத்தின் 2017-ஆம் ஆண்டுத் திருத்தம். ஆனால், பூக்காரிக்கு முதலாளி யார்? அவளைப் போன்றோர்க்கென 2006-இல் நடுவண் அரசு குழந்தைக் காப்பகத் திட்டமொன்றைத் தொடங்கியது. 2017-இல் அது திருத்தப்பட்டபோது, வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள குடும்பத்திடம் குழந்தைக்குத் திங்கள்தோறும் இருபது உருபா மட்டும் பெறப்படும் என வகுக்கப்பட்டது. 2022-இல் அதுவும் மாற்றப்பட்டு, குழந்தைகள் நடுவத்துடனேயே காப்பகத்தை இணைக்கும் புதுத் திட்டம் வந்தது. ஆறு திங்கள் குழவி முதல் ஏற்றல், நாளுக்கு ஏழரை மணி நேரம் காத்தல், திங்களுக்கு இருபத்தாறு நாள் திறந்திருத்தல் என்பன அதன் விதிகள். பூக்காரிக்கு வேண்டியது ஏறத்தாழ இதுவே!

ஆனால், அத்திட்டத்தின் பெயர் என்ன? ‘பால்னா’! தொட்டில் என்று பொருள்படும் இந்திச் சொல். தொட்டில் என்றே சொல்லியிருந்தால் தமிழ்த் தாய் ஒவ்வொருத்தியும் திரும்பிப் பார்த்திருப்பாள். ‘பால்னா’ என்றால் எதனை எண்ணுவாள்? ஊட்டத் திட்டம் ‘போசன் அபியான்’. அதன் மறுபிறப்பு ‘சக்சம் அங்கன்வாடி’. பேறுகால உதவி ‘பிரதான் மந்திரி மாத்ரு வந்தனா யோசனா’. பேறுகால உதவிக்கு 1987 முதல் தமிழகத்தில் முத்துலெட்சுமி அம்மையார் பெயர் வழங்கியது. புதுக்கோட்டையில் பிறந்து, பெண்களுக்காகவும் ஆதரவற்ற பிள்ளைகளுக்காகவும் வாழ்ந்த மருத்துவர் அவர். அப்பெயரின் தலைமேல் இன்று வாயில் நுழையாத வடமொழித் தொடரொன்று ஏற்றப்பட்டுள்ளது. செலவில் ஒரு பங்கு தமிழருடையது. பெயர் மட்டும் முழுதும் வடவருடையது!

பெயரை மாற்றினால் வயிறு நிறையுமோ எனச் சிலர் வினவுவர். நிறையும் எனல் பொய். ஆனால், பெயர் தெரியாத பொருளை எவரும் கேட்டுப் பெற இயலாது என்பது மெய். செல்வர்க்கு அரசு உதவி பற்றிய அறிவைத் தரக் கணக்கரும் வழக்கறிஞரும் உளர். ஏழைத் தாய்க்கு இருப்பது அவள் தாய்மொழி ஒன்றே. அம்மொழியில் சொல்லப்படாத உரிமை, அவளைப் பொறுத்தவரை இல்லாத உரிமையே. போதாக்குறைக்கு, வீட்டுக்குக் கொண்டுசெல்லும் ஊட்ட உணவைப் பெற, 2025 சூலை முதல் கைப்பேசிச் செயலியில் முகம் காட்டும் முறையும் கட்டாயமாக்கப்பட்டது. பசித்த முகத்தைத் தாய் அறிவாள், பணியாளர் அறிவார். பொறி அறியவில்லை எனின், மாவு மறுக்கப்படலாமா?

இவ்வளவையும் தோளில் சுமக்கும் நடுவப் பணியாளர்க்கு 2018 முதல் நடுவண் அரசு வரையறுத்த திங்கள் தொகை 4,500 உருபா, உதவியாளர்க்கு 2,250. அதுவும் ஊதியம் அன்றாம், மதிப்பூதியமாம்! 2022-இல் உச்ச நயமன்றம் அவர்க்குப் பணிக்கொடை உரிமை உண்டெனத் தீர்ப்பளித்தது. உரிமையை ஊட்டும் கைகளுக்கே உரிமைக்காக வழக்காட வேண்டிய நிலை!

தமிழக அரசு செய்ய வேண்டியன தெளிவானவை. ஒவ்வொரு நடுவத்தின் வாயிலிலும், குழவிக்கும் தாய்க்கும் உரியவை எவை, தரத் தவறினால் யாரிடம் முறையிடுவது என்பன நல்ல தமிழில் எழுதப்பட வேண்டும். எத்திட்டமாயினும் தமிழகத்துள் தமிழ்ப் பெயரோடு மட்டுமே நுழைதல் வேண்டும். உழைக்கும் பெண்கள் மிகுந்த சந்தைகளையும் கோயில் வீதிகளையும் அடுத்து, தாயின் வேலை நேரத்துக்கு ஏற்பத் திறந்திருக்கும் தொட்டிலகங்கள் அமைய வேண்டும். 1982-இல் தில்லியின் வழியைப் பாராது பாப்பாக்குறிச்சியில் அடுப்பு மூட்டிய மாநிலத்துக்கு இது இயலாததன்று.

தமிழுணர்வுடையோர்க்கும் கடமையுண்டு. தமிழ்க் காப்பு என்பது மேடையில் முழங்குவதோடு முடிவதன்று. தத்தம் தெருவிலுள்ள நடுவத்துக்குச் செல்க. அங்குள்ள தாய்மாரிடம் அவர்தம் உரிமைகளை அவர்தம் மொழியில் எடுத்துரைக்க. ‘பால்னா’ என்பது தொட்டில் என்று ஒரு தாய்க்கு விளங்குமாயின், தன் பிள்ளைக்குரிய தொட்டில் எங்கே என்று அவள் கேட்பாள். கேட்கத் தொடங்கிய தாயை எந்த அரசும் நெடுநாள் காக்கவைக்க இயலாது!