மூழ்கிய ஊரும் மூழ்காத நாற்காலியும்

கடல் கொண்ட ஊர் ஒன்று நாடாளும் மன்றத்துக்கு இரண்டு உறுப்பினர்களை அனுப்பிவந்தது, தோழர்களே! கற்பனையன்று, இங்கிலாந்தின் வரலாற்று ஏட்டிலே உள்ள செய்தி. மீன்களா வாக்களித்தன என்று கேட்பீர்கள். மீன்களிடம் விட்டிருந்தால்கூட நீதி சற்று மிஞ்சியிருக்கும். வாக்களித்தது, நிலப்பிரபுக்களின் கண்ணசைவுக்குத் தலையசைத்த சிறு கூட்டம்!

சஃபோக் வட்டாரத்துக் கடற்கரையிலே இருந்தது அந்த ஊர். டன்விச் என்பது பெயர். 13ஆம் நூற்றாண்டிலே கலங்கள் வந்து குவிந்த பெருந்துறை. 1286ஆம் ஆண்டுப் புயல் அதன் கரையைக் கடித்தது. 1328ஆம் ஆண்டுப் புயல் கூழாங்கற்களை வாரிக் கொணர்ந்து துறையின் வாயையே அடைத்தது. வாய் அடைபட்டது, வாணிகம் செத்தது, மக்கள் கலைந்தனர். எஞ்சிய தெருக்களை அலை அரித்துத் தின்றது. பழைய தேவாலயங்களிலே கடைசியாக நின்றதும் 1904 முதல் 1919 வரை துண்டு துண்டாகச் சரிந்து கடலிலே விழுந்தது.

கடைவீதி போயிற்று, கல்லறை போயிற்று, கடவுளின் கோயிலும் போயிற்று. போகாதது எது? நாற்காலி! 1832ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டம் வரும்வரை, அந்த இரண்டு இடங்களை எந்த அலையும் தீண்டவில்லை. அதே நாளிலே, ஆலைப் புகையிலே இருமி, நூலிலே உயிரை நூற்றுக்கொண்டிருந்த மான்செஸ்டரின் லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களுக்குத் தமக்கென ஓர் உறுப்பினர்கூட இல்லை. இந்த அநியாயத்தை அந்தக் கரையிலே கதையாகச் சொல்வாரில்லை. சொல்லப்படுவது என்ன? புயலடிக்கும் இரவிலே கடலடியிலிருந்து கோயில் மணி ஒலிக்கிறதாம்!

வடகடலின் மறுகரைக்குச் செல்லுங்கள். அங்கும் அதே மணி. இன்றைய ஜெர்மனியின் வடமேற்குக் கரையிலே ருங்ஹோல்ட் என்றோர் ஊர். 1362ஆம் ஆண்டு சனவரித் திங்களிலே எழுந்த பேரலை அதை விழுங்கிற்று. ஏன் விழுங்கிற்று? பக்தர்கள் கூறும் விடை கேளுங்கள். செல்வச் செருக்கு மிக்க ஊரார் ஒரு பன்றிக்குக் குடியேற்றி, கட்டிலிலே கிடத்தி, நோயாளி சாகக்கிடக்கிறான் என்று பாதிரியை அழைத்து, திருவருட்சாதனம் கொடு என்றனராம். பாதிரி மனம் நொந்து முறையிட்டாராம், ஆண்டவன் அலையை ஏவினானாம், பாதிரி பிழைத்தாராம்.

என்னே நீதி! பன்றிக்குக் குடி கொடுத்தவன் குற்றவாளி என்றே கொள்வோம். தொட்டிலிலே கிடந்த குழந்தை எந்தப் பன்றிக்குக் குடி கொடுத்தது? கூலிக்கு மண் சுமந்தவள் எந்தப் பாதிரியை இகழ்ந்தாள்? செத்தவன் வாய்திறந்து மறுக்கமாட்டான் என்ற துணிவிலே பிறந்த பழி அது.

மண் பேசுகிறது வேறு செய்தி. அந்தச் சதுப்பு நிலத்திலே மக்கிய புல்பூண்டு அடர்ந்து கிடந்தது. கடல்நீர் ஊறிய அந்தப் புல்கரியைத் தோண்டி, உலர்த்தி, எரித்து, சாம்பலிலிருந்து உப்பெடுத்தனர். உப்பு விற்றது, பொருள் குவிந்தது. தோண்டத் தோண்டத் தரை தாழ்ந்தது. நீரை வடிக்க வடிக்க மேலும் அமிழ்ந்தது. கடலைவிடத் தாழ்ந்த நிலத்துக்கும் கடலுக்கும் இடையே நின்றது ஒரு மண்கரை. அதற்குச் சில ஆண்டுகள் முன்னர்தான் கருங்கொள்ளை நோய் ஐரோப்பாவிலே ஆட்களை வாரிச் சென்றிருந்தது. அந்த நிலையிலே வந்தது அலை. ஆண்டவன் எதற்கு, அண்ணே!

2023ஆம் ஆண்டிலே ஆராய்ச்சியாளர்கள் அந்தச் சேற்றின் அடியை அளந்து, 40 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் கொண்ட தேவாலயத்தின் அடித்தளத்தைக் கண்டறிந்தனர். ஊரின் பாவத்துக்கு ஊர் அழிந்ததென்றால், தன் வீட்டையும் சேர்த்தா தண்டித்துக்கொண்டான்?

சரி, கடலே எட்டாத இடத்திலே ஊர் அழிந்தால்? யார்க்ஷயரின் மேட்டு நிலத்திலே வாரம் பெர்சி என்னும் சிற்றூரின் சுவடு புல்லடியிலே கிடக்கிறது. 1950 முதல் 1990 வரை கோடைதோறும் அங்கே அகழ்ந்தனர். இங்கிலாந்திலே இவ்வாறு வெறிச்சோடிய இடைக்கால ஊர்கள் ஏறத்தாழ 3000. கொள்ளைநோய் கொன்றது என்பார்கள். வாரம் பெர்சி கொள்ளைநோய்க்குப் பின்னும் உயிரோடிருந்தது! 1500ஐ ஒட்டி, கடைசிக் குடும்பங்களை வெளியேற்றி ஆடுகளைக் குடியேற்றினான் நிலத்துக்குரியவன். கம்பளியின் விலை அவனுக்கு அந்த யோசனையைத் தந்தது. அந்த ஊருக்காக எந்த மணியும் ஒலிப்பதாகக் கதையில்லை. மணி ஒலித்தால் யார் விரட்டியது என்று கேட்க வேண்டிவருமே!

இன்றும் இங்கிலாந்தின் கிழக்குக் கரையிலே வீடுகள் கடலிலே சரிகின்றன. அரசு காக்கும் கரை உண்டு. செலவு கட்டாது என்று கைவிட்ட கரையும் உண்டு. கைவிட்ட கரையிலே வீடிழந்தவனுக்கு, வீட்டை இடித்து அகற்றும் செலவுக்குச் சிறு உதவி கிடைக்கும். போன வீட்டுக்கு ஈடு தரவேண்டும் என்ற சட்டம் இல்லை. இயற்கையாம்! அந்தச் சட்டத்தை இயற்றவேண்டியது, டன்விச்சின் இரண்டு நாற்காலிகளை 1832 வரை நனையாமல் காத்த அதே மன்றம்.