பழைய தொற்றைக் கேட்டறியுங்கள்

முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்குத் தேதி குறிக்கும் முன் ஒரு கேள்வியைக் கட்டாயம் கேட்டாக வேண்டும்: இந்த மூட்டில் எப்போதாவது சீழ் பிடித்ததா, காசநோய் வந்ததா? என்றோ ஆறிப்போனதுதானே என்று பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். ஆனால், முன்பு தொற்று கண்ட மூட்டில் செயற்கை மூட்டைப் பொருத்தினால் மீண்டும் தொற்று வரும் ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். கிருமிகள் உலோகத்தின் மேல் படலம் கட்டிக்கொண்டால் மருந்து அவற்றை எளிதில் எட்டாது. பொருத்திய மூட்டையே கழற்றி, ஆன்டிபயாடிக் கலந்த சிமென்ட்டை இடையில் வைத்து, வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் காத்திருந்து, மறுபடியும் அறுவை செய்ய நேரிடலாம். ஆகவே உடலில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் ஈஎஸ்ஆர், சிஆர்பி ரத்தப் பரிசோதனைகளும், சந்தேகம் எழுந்தால் மூட்டு நீரை ஊசியால் எடுத்துக் கல்ச்சர் பார்ப்பதும் வீண்செலவல்ல. தொற்றைத் தவிர்க்க, ரத்தச் சர்க்கரை கட்டுக்குள் வரும்வரை பொறுங்கள் என்று மருத்துவர் சொன்னால், அந்தப் பொறுமையும் சிகிச்சையின் பகுதியே. 2017 ஆகஸ்டில் மத்திய அரசு செயற்கை முழங்கால் மூட்டுகளுக்கு விலை உச்சவரம்பு விதித்தது பலருக்கு இந்த அறுவைக்கு வழி திறந்தது. ஆனால், தொற்று வந்து மறு அறுவை என்றாகிவிட்டால் அந்தப் பயன் கரைந்துவிடும். பழைய தொற்றைச் சொல்வது நோயாளியின் கடமை. தவறாமல் கேட்டு எழுதிவைப்பது மருத்துவமனையின் பெரிய கடமை.