சொன்னாலும் குற்றம், மறைத்தாலும் குற்றம்

பிரிட்டிஷ் அரசியலில் நடந்த இரண்டு நிகழ்வுகளைச் சேர்த்துப் பார்க்கத் தோன்றுகிறது எனக்கு. லிபரல் டெமாக்ரட் கட்சித் தலைவராக இருந்த டிம் ஃபாரன் பக்தியுள்ள கிறிஸ்தவர். 2017 தேர்தலின்போது, தன்பாலுறவு பாவமா என்று நிருபர்கள் அவரைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். மழுப்பிப் பார்த்தார், கடைசியில் 'இல்லை' என்றார். தேர்தல் முடிந்த ஒரு வாரத்துக்குள், விசுவாசமும் தலைமையும் ஒத்துப்போகவில்லை என்று சொல்லிப் பதவி விலகலை அறிவித்தார். அந்த 'இல்லை'க்காக வருந்துவதாக 2018இல் சொன்னார்.

ஸ்காட்லாந்தின் கேட் ஃபோர்ப்ஸ் மழுப்பவில்லை. 2023இல் ஸ்காட்டிஷ் தேசியக் கட்சித் தலைமைக்குப் போட்டியிட்டபோது, "தன்பால் திருமணச் சட்டம் வந்த 2014இல் நான் சபையில் இருந்திருந்தால் எதிர்த்திருப்பேன், இப்போது அதில் கைவைக்கமாட்டேன்" என்ற பொருளில் பேசினார். ஆதரவாளர்கள் சிலர் உடனே விலகினர். இறுதிச் சுற்றில் ஏறத்தாழ 48 சதவீத வாக்குகள் பெற்றுத் தோற்றார்.

மதச்சார்பற்ற உலகை கிறிஸ்துமஸ் வாழ்த்தும் தேவாலய அறப்பணியும் உறுத்துவதில்லை. பதவியே போனாலும் விடமுடியாத நம்பிக்கைதான் அதற்குப் புதிர். தன்பாலினத்தவரின் அச்சத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. போராடிப் பெற்ற உரிமை அது. எனவே, 'சட்டத்தை என்ன செய்வீர்கள்?' என்று கேட்பது நியாயம். 'உள்ளுக்குள் என்ன நினைக்கிறீர்கள்?' என்று தோண்டுவது வேறு. அந்தத் தேர்வில் உண்மை பேசுபவர் தோற்பார். நடிக்கத் தெரிந்தவர் தேறிவிடுவார். அதனால் யாருடைய உரிமைக்கும் பாதுகாப்பு கூடிவிடாது.