சாமிக்கு சீரியல் லைட்டு, நமக்கு இருட்டா?

மாசி சிவராத்திரி வந்துவிட்டால் எங்கள் தென் மாவட்டங்களில் பாதி ஜனம் குலதெய்வக் கோயிலில்தான் இருக்கும். வேன் பிடித்து, பாத்திரம், அரிசி, பாய், போர்வை எல்லாம் ஏற்றிக்கொண்டு கிளம்புவோம். கண்மாய்க்கரையிலும் காட்டுக்குள்ளும் இருக்கிற கோயில்கள். ராத்திரி முழுக்க அங்கேதான். உப்பு, புளி முதல் எண்ணி எடுத்துவைக்கிற பெண்கள், வெளிச்சத்தை மட்டும் "அதை ஆம்பளைங்க பாத்துக்குவாங்க" என்று விட்டுவிடுகிறார்கள்.

அவர்களும் பார்க்கத்தான் செய்கிறார்கள். ஜெனரேட்டர் வைத்து, சாமி முன்னாலும் சமையல் நடக்கிற இடத்திலும் ஜெகஜோதியாக விளக்கு கட்டிவிடுகிறார்கள். ஆனால் நமக்கு இருட்டு இருப்பது அங்கே இல்லையே! அவசரத்துக்கு ஒதுங்கப் போகணும், குழந்தைக்குக் கால் கழுவிவிடணும். இதற்குப் பயந்தே பல பெண்கள் சாயங்காலத்தில் இருந்து தண்ணீர் குடிக்காமல், விடியும்வரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். சாமி கும்பிடப் போன இடத்தில் இது என்ன தண்டனை? கையில் ஒரு நல்ல டார்ச் இருந்தால், இரண்டு பேராகத் துணைக்குப் போய் வந்துவிடலாமே!

பயம் பேய்க்கு அல்ல சகோதரிகளே, பாம்புக்கு. கட்டுவிரியன் ராத்திரியில்தான் நடமாடும். தரையில் படுத்துத் தூங்குகிறவர்களையும் கடிக்கும். பல சமயம் கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ தெரியாது. அதனால் பாய் விரிக்கும் முன் சுற்றிலும் வெளிச்சம் அடித்துப் பார்ப்பது கட்டாயம்.

"அதான் செல்போன்ல லைட் இருக்கே" என்பார்கள். ராத்திரி முழுக்க அதையே எரித்து சார்ஜ் தீர்ந்துவிட்டால், ஆபத்துக்கு 108-ஐ எதில் கூப்பிடுவது? போன் போனாக இருக்கட்டும், விளக்கு தனியாக இருக்கட்டும்.

வாங்கும்போது மலிவாகக் கிடைக்கிறதே என்று பாய்ந்துவிடாதீர்கள். விலை குறைந்த சார்ஜ் டார்ச்கள் பலவற்றில் ஈய பேட்டரிதான் இருக்கும். சார்ஜ் இறங்கிய நிலையில் மாதக்கணக்கில் பரணில் கிடந்தால் அது கெட்டுவிடும். வருஷத்துக்கு ஓரிரு தடவை எடுக்கிற நமக்கு லித்தியம் பேட்டரி வைத்த எல்.இ.டி. விளக்குதான் லாயக்கு. அதையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்து சார்ஜ் போட்டு வையுங்கள். செல் போடுகிற டார்ச் என்றால், ஊர் திரும்பியதும் செல்லைக் கழற்றிவிடுங்கள். உள்ளேயே விட்டால் கசிந்து டார்ச்சையே பாழாக்கிவிடும்.

அட்டைப் பெட்டியில் ஐ.பி.எக்ஸ்.4 என்று போட்டிருந்தால் தண்ணீர் தெறித்தாலும், தூறல் விழுந்தாலும் தாங்கும். வழி நடக்க 100 லூமென் போதும். பத்துப் பேர் உட்கார்ந்து காய் நறுக்க 300 லூமென் இருந்தால் நல்லது. வெளிச்சத்தைக் குறைத்து வைக்கிற வசதி இருந்தால், தூங்கும் இடத்தில் விடிய விடிய எரியவிடலாம். இடுப்பில் பிள்ளையும் கையில் குடமுமாக நடப்பவர்களுக்கு நெற்றியில் மாட்டுகிற விளக்கு ரொம்ப சௌகரியம். பார்க்கிறவர்கள் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்!

செலவு என்று யாராவது முகம் சுளித்தால் ஒன்று கேளுங்கள். சாமிக்கு சீரியல் லைட்டு, பந்தல், மைக்செட் என்று செலவழிக்க மனம் வருகிறது. சாமி கும்பிட வந்த பெண்களுக்கு நாலு விளக்கு வாங்க மனம் வராதா? தலைக்கட்டு வரி பிரிக்கும்போதே இதற்கும் சேர்த்துப் பிரிக்கச் சொல்லி பங்காளிகளிடம் நாமே பேசுவோம். வாங்கிய விளக்கு ஆண்கள் கைக்குப் போய்விடாமல், பெண்கள் பொறுப்பிலேயே இருக்கட்டும்.

அடுத்த சிவராத்திரிக்குள் செய்வோமா தோழிகளே?

- ஓர் இல்லத்தரசி, ஆண்டிபட்டி.