மருந்துக் கடைக்குப் போகும் முன் கிளையைப் பிளந்து பாருங்கள்

வண்டில் ஆண் எது, பெண் எது என்று பார்ப்பது ஆராய்ச்சியாளர் வேலை என்று ஒதுக்கிவிடாதீர்கள். சோழவந்தான், வாடிப்பட்டி பக்கம் தென்னை வைத்திருப்பவர்களுக்கு இது புதிதல்ல. சிவப்புக் கூன்வண்டில் ஆணின் மூக்கு மேல் முடிக்கற்றை இருக்கும். பெண்ணின் மூக்கு நீண்டு, முடியில்லாமல் இருக்கும். காண்டாமிருக வண்டில் ஆணுக்குக் கொம்பு நீளம். ஆனாலும் இரண்டும் ஒரே இனம் என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

மா, மாதுளை போன்ற மரங்களில் குண்டூசி அளவு துளை போடும் அம்புரோசியா வண்டுகளிடம் இந்தக் கணக்கு செல்லாது. பெண், சுமார் 2 மி.மீ. நீளத்தில் கறுத்து, உருண்டு, இறக்கையோடு இருக்கும். ஆண் அதைவிடச் சிறியது, வெளிறியது, பறக்காதது. பெரும்பாலும் பிறந்த துளைக்குள்ளேயே அதன் வாழ்க்கை முடிந்துவிடும். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டு வேறு பூச்சிகள் என்றே தோன்றும். இரண்டு பூச்சி என்று நினைத்து இரண்டு மருந்து வாங்கினால், காசு போவது உங்களுக்குத்தான்.

ஆராய்ச்சியாளர்களையே இந்த வண்டுகள் திணறடித்திருக்கின்றன. 1868இல் இலங்கையிலிருந்து கிடைத்த பெண் வண்டுக்கு ஐக்காஃப் என்பவர் ஒரு பெயர் வைத்தார். தேயிலைத் துளைப்பானையும் அதே பெயரில்தான் வெகு காலம் அழைத்தார்கள். 2018, 2019இல் உடல் அளவுகளையும் மரபணுவையும் ஒப்பிட்ட பிறகுதான், அந்த ஒரு பெயருக்குள் பல இனங்கள் இருப்பது தெளிவானது. அவற்றில் ஒன்று கலிபோர்னியாவில் அவகாடோ மரங்களையும், தென்னாப்பிரிக்காவில் நகரத்துச் சாலையோர மரங்களையும் பதம் பார்த்தது. நிலைமை இப்படியிருக்க, ஒரே ஒரு வண்டைக் காட்டி 'இது என்ன?' என்று கேட்டால் கடைக்காரர் என்ன சொல்வார்?

'பெயர் எதுவானால் என்ன, அடிக்கிற மருந்து ஒன்றுதானே?' என்று நீங்கள் கேட்கலாம். பெண் வண்டு மரத்தைத் தின்பதில்லை. உடலில் உள்ள சிறு பையில் பூஞ்சையைச் சுமந்து வந்து, துளைக்குள் வளர்த்துத் தின்கிறது. ஆணிடம் அந்தப் பை இல்லை. மேலே தெளிக்கும் மருந்து உள்ளே போய்ச் சேருவதும் அரிது. அதோடு, பெண் பெரும்பாலும் துளைக்குள்ளேயே உடன்பிறந்த ஆணோடு இணைசேர்ந்துவிட்டுத்தான் வெளியே பறக்கிறது. ஆகவே ஒரு பெண் போதும், அடுத்த மரத்தில் குடும்பம் தொடங்க. வெட்டிய கிளையை வரப்பில் குவித்து வைப்பது வண்டுக்கு நாற்றங்கால் போட்டுக் கொடுப்பதற்குச் சமம்.

செய்ய வேண்டியது எளிது. துளைக்குக் கீழே இரண்டு மூன்று அங்குலம் விட்டு, நல்ல பகுதியோடு கிளையை வெட்டுங்கள். பிளந்து, உள்ளே உள்ள பெரியது, சிறியது எல்லாவற்றையும் ஸ்பிரிட் உள்ள சிறு பாட்டிலில் போடுங்கள். கிளைத் துண்டு ஒன்றையும் மூடிய பையில் வைத்து, ஒத்தக்கடையில் உள்ள வேளாண்மைக் கல்லூரிக்கு எடுத்துச் செல்லுங்கள். மீதியை அன்றே எரித்துவிடுங்கள்.

மரம் ஏன் இளைத்தது என்பதையும் பாருங்கள். வாடிய மரமும், வேரில் தண்ணீர் தேங்கிய மரமும் சாராய வாடை விடும். அதுதான் பெண் வண்டை இழுக்கிறது. பெரியாறு பாசனத்தில் நெல் வயலையொட்டி நிற்கும் பழ மரங்களுக்கு வடிகால் எடுத்துவிடுவது எந்த மருந்தையும்விட முந்திய வேலை.

வேளாண், தோட்டக்கலை அலுவலர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். சாராயப் பொறியில் விழுவது பெண் மட்டுமே; பறக்காத ஆண் அங்கே வராது. எனவே பொறியை மட்டும் வைத்து முடிவு சொல்லாதீர்கள். ஒவ்வொரு வட்டார அலுவலகத்திலும் ஆண், பெண் இரண்டும் உள்ள மாதிரிப் பாட்டில் ஒன்று இருக்கட்டும். கூடவே எந்த மரம், எந்தக் கிளை, எந்த மாதம் என்ற குறிப்பும் இருந்தால், அடுத்து வரும் விவசாயிக்கு அங்கேயே பதில் கிடைத்துவிடும்.